உள்ளங்கையில் பார்த்த சூடு

என் செல்ல நைனாவுக்கு,

இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் உன்னைத் திட்டத்தான் போகிறேன். அதனால் கும்பிடுவதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். உன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஆச்சா? இனி குறுக்கே பேசாமல் கேள்.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. காலையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தவன் இரண்டாவது இட்லியைப் பிட்டபடியே சாய்ந்தாய். ஆட்டோ கவரைப்பேட்டை ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. காரியத்துக்குக் கம்பெனியிலிருந்து ஆளுயர மாலை வந்தது. மேனேஜரே வந்து அம்மா முன்னால் கைகூப்பி நின்று, "முனிரத்தினம் மாதிரி ஒரு ஒர்க்கர் எங்களுக்கு இனிமே கிடைக்கமாட்டாரு" என்றார். அன்றைக்கு அதைக் கேட்டு அழுதேன். இப்போது அந்த மாலையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஏன் தெரியுமா? பனி கொட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில், ஒருவர் வீட்டுக் கொட்டகையில் நம் கம்பெனி பேட்டரி தீப்பிடித்துவிட்டது. ஆள் யாருக்கும் ஒன்றுமில்லை. கொட்டகையும் உள்ளே நின்ற வண்டியும் கரியாகிவிட்டன. யார் செய்த தப்பு என்று கம்பெனி ஒரு விசாரணை வைத்தது. நீ செய்த தப்பாம். நீ மட்டுமே செய்ததாம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டியில் எங்கள் கம்பெனி செய்வது உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டிக்கான பேட்டரி. ஒரு வண்டிக்கு நான்கு. ஒவ்வொன்றும் பத்து கிலோ அரிசிப் பை கனம். முதல் நாள் அந்த வண்டியைப் பார்த்துவிட்டு வந்து நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "ஊட்டாண்ட கீற புல்ல வெட்றதுக்கு சீட்டு வெச்ச வண்டியாம் மஞ்சு. ரெண்டு எருமைய வாங்கிக் கட்டனா தின்னுட்டுப் போவுது. பாலாச்சும் கறக்கும்." அம்மாவுக்குப் புரையேறிவிட்டது.

அந்த வண்டி வைத்திருப்பவர்கள் பாடு எருமை வளர்ப்பவர்கள் பாட்டைவிட மோசம் என்று உனக்கு நான்தான் சொன்னேன். புகார்ப் பிரிவில் அவர்கள் அனுப்பும் மெயிலையெல்லாம் படிப்பது என் வேலை. அங்கே வருடத்தில் பாதி நாள் புல்லே கண்ணில் படாது. பனி விழுவதற்கு முன் வண்டியைக் கழுவி, காயவைத்து, கொட்டகையில் பூட்ட வேண்டும். நான்கு பேட்டரியையும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டும். சார்ஜ் பாதி இருக்க வேண்டும், முழுசாகவும் கூடாது, காலியாகவும் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றவே கூடாது. எங்கள் கையேட்டில் அதைச் சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறோம்.

வாங்கியவர்களுக்குச் சிவப்பு எழுத்தில் சொன்னதை உனக்கு யாரும் எந்த எழுத்திலும் சொல்லவில்லை, நைனா.

ரெட்டியார் கழனியில் இருபது வருடம் நாற்றுக் கட்டு சுமந்த ஆள் நீ. நாற்பத்தைந்து வயதில் காண்டிராக்டில் சேர்ந்தாய். குளிரறையில் நிற்க வேறு யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்பதால் உனக்கு அந்த இடம். புதுவாயல் ஜங்ஷனில் தார் உருகும் சித்திரை மாதத்தில், மங்கி குல்லாவும் ரெண்டு ஸ்வெட்டரும் பையில் எடுத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ ஏறுவாய். ஆட்டோவில் எல்லோரும் உன்னைக் கிண்டல் செய்வார்கள். உனக்கு அதில் ஒரு பெருமை.

வேலை இதுதான். தயாரான பேட்டரி பனியைத் தாங்குமா என்று பார்க்க, அதைக் குளிரறையில் வைத்து மைனஸ் இருபதில் உறையவிடுவது. பிறகு வெளியே எடுத்து பன்னிரண்டு மணி நேரம் ரேக்கில் ஆறவிடுவது. அதற்கப்புறம் சார்ஜ் ஏற்றி, சரியாக இருந்தால் பெட்டியில் போடுவது. அந்தப் பன்னிரண்டு மணி நேரம் எதற்கு என்று நீ கேட்டாயா? கேட்டிருக்கமாட்டாய். யார் என்ன சொன்னாலும் தலையாட்டுவதுதானே உன் வழக்கம். ரெட்டியாரிடம் ஆட்டினாய், காண்டிராக்டரிடம் ஆட்டினாய், சூப்பர்வைசர் என்று நேற்று வந்தவனிடமும் ஆட்டினாய்.

நம் ஊரில் குளிர் என்றால் மார்கழியில் ஒரு போர்வை. ஃப்ரிட்ஜிலிருந்து எதை எடுத்து வெளியே வைத்தாலும் அரை மணியில் வெந்நீராகிவிடும். குளிரறையிலிருந்து வெளியே வந்த பேட்டரியும் பத்து நிமிஷம் வியர்க்கும், அப்புறம் காயும், ஒரு மணி நேரத்தில் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். குழந்தைக்குக் காய்ச்சலா என்று நெற்றியில் கை வைப்பதுபோல நீ அதன்மேல் உள்ளங்கையை வைத்தாய். சூடு ஏறிவிட்டது என்று நம்பினாய். சார்ஜரில் மாட்டினாய். மாட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. உறைந்திருந்தால் அந்த விளக்கு எரியக்கூடாது. ஆனால் சூடு பார்க்கிற சென்சாரைப் பேட்டரிக்குள் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள், அதுவும் உன்னைப்போல ஊர் வெயிலில் ஏமாந்துவிட்டது.

பனியிலேயே பிறந்து வளர்ந்தவன் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டான். அவனுக்குத் தெரியும், உறைந்த பொருள் உள்ளே இளகுவதற்குள் பொழுது போய்விடும் என்று. உனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் படித்த இஞ்சினியர்களுக்குத் தெரியுமே நைனா. பன்னிரண்டு மணி நேரம் என்று எழுதியவர்களே அவர்கள்தானே.

உன் ரேக் மட்டும் மற்றவர்களுடையதைவிட வேகமாகக் காலியாவதைப் பார்த்து மேனேஜர் இறங்கி வந்தார். எப்படி என்று கேட்டார். நீ காட்டினாய். அவர் நிறுத்தச் சொன்னாரா? உன் கையைப் பிடித்து உயரத் தூக்கி, "முனிரத்தினம் கை இருக்கும்போது நமக்கு எதுக்குய்யா தெர்மாமீட்டர்?" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்த மாதம் சிறந்த தொழிலாளி நீதான். ஒரு ஹாட் பாக்ஸ் கொடுத்தார்கள், நோட்டீஸ் போர்டில் உன் போட்டோவை மாட்டினார்கள். நானும் அந்தப் போட்டோவை வாட்சப் ஸ்டேட்டஸில் வைத்து, பக்கத்தில் மூன்று இதயம் போட்டேன். என்னையும் திட்டத்தான் வேண்டும், அதை நீ வந்து செய்.

இதற்குமேல் ஒரு கொடுமை. ரிஜிஸ்டரில் ஆறவிட்ட நேரம் என்ற பத்தி இருக்கிறது. அதில் ஒவ்வொரு பேட்டரிக்கும் பன்னிரண்டு மணி நேரம் என்று ஆங்கிலத்தில் முன்பே அச்சடித்து வைத்திருந்தார்கள். நீ கீழே கையெழுத்து மட்டும் போட்டாய். எத்தனை பக்கம் தெரியுமா? நான் பார்த்தேன். உன் பெயரை எழுத்துக் கூட்டி எழுதும் அந்தக் கோணல் கையெழுத்து, பக்கத்துக்குப் பக்கம். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து "இது இன்னான்னு படிமா" என்று என்னிடம் நீட்டியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? பெற்ற மகளிடம் கேட்க என்ன வெட்கம்? டிப்ளமா படிக்கவைத்தது எதற்கு?

உறைந்த பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினால் உள்ளே ஏதோ உலோகம் படிந்துவிடுமாம். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. பேட்டரி ஓடும், வண்டி புல்லை வெட்டும். ஒன்றிரண்டு குளிர்காலம் போனபிறகு வீங்கும், சிலது பற்றும். சோதிக்கிறேன் என்று நல்ல பேட்டரியைக் கெடுத்து அனுப்பியிருக்கிறோம். சோதிக்காமல் அப்படியே அனுப்பியிருந்தால் உருப்படியாக இருந்திருக்கும்.

கொட்டகை எரிந்த செய்தி வந்த வாரமே எச்.ஆர். மேடம் என்னைக் கூப்பிட்டார். ஏசி அறை, டீ, பிஸ்கட். முன்னால் டைப் அடித்த ஒரு தாள். என் தந்தை மேலதிகாரிகளுக்குத் தெரியாமல் சொந்தமாக ஒரு வழியைக் கையாண்டார், அது பி ஷிப்டில் அவர் ஒருவர் செய்தது, வீட்டில் அவர் இதைப் பற்றிச் சொல்வதை மகளாகிய நான் கேட்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தது.

"சைன் பண்ணிட்டா ஃபைல் க்ளோஸ் ஆயிடும் மஞ்சுளா. அப்பா மேல எங்களுக்கு எந்தக் கோபமும் இல்ல. அவர் இனிமே பதில் சொல்லவேண்டிய நிலையிலயும் இல்ல. உங்க பர்மனென்ட் ஆர்டரும் டேபிள்ல இருக்கு" என்றார்.

"பி ஷிப்டு பேட்டரிய மட்டும் திருப்பி வாங்குவீங்களா மேடம்?"

"ஆமா."

"மத்த ரெண்டு ஷிப்டு?"

"அது டெக்னிக்கல் விஷயம். உங்களுக்கு வேண்டாம்."

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். வரும் வழியில் நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். உன் போட்டோ இருந்த இடத்தில் கேன்டீன் மெனு ஒட்டியிருந்தது. கழற்றுவதற்கு ஒரு கூச்சம் கூட இல்லை பார்.

உன் ஷிப்டு கூட்டாளி பாஸ்கர் அண்ணனைச் சாப்பாட்டு நேரத்தில் பிடித்தேன். அவர் சோற்றைப் பிசைந்தபடியே குனிந்து பேசினார். "உங்கப்பா மட்டுமா மஞ்சு பண்ணாரு? மேனேஜரு சொல்லித்தான் மூணு ஷிப்டாளுங்களையும் நிக்க வெச்சி, உங்கப்பாவ இட்டுகினு வந்து சொல்லிக் குடுக்க வெச்சாங்க. ரெண்டு வருசமா எல்லாரும் கை வெச்சித்தான் பாத்துகினு இருந்தோம். நெருப்பு புடிச்ச சேதி வந்த அன்னிக்கிதான் நிறுத்தனாங்க."

"உள்ள நெஜமாவே சில்லுனு இருக்குமாண்ணா? எனக்கு நம்பிக்கையே வரல."

அவர் கையைக் கழுவிவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனார். கழித்துப்போட்ட ஒரு பேட்டரியைக் காலையிலேயே குளிரறைக்குள் வைத்து, எடுத்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"கைய வெச்சிப் பாரு. சூடா கீதா?"

வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. "கீதுண்ணா."

ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூடியைக் கழற்றினார். ஓரத்துச் செல்களை விலக்கி நடுவில் இருப்பதைக் காட்டினார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் பனி படிந்தது. நம் ஊர்க் காற்று பட்டு, நம் ஊர் மத்தியான வெயிலில், ஃப்ரீசர் சுவர்போல. நீ எவ்வளவு நம்பிக்கையோடு அந்தக் கையை வைத்திருப்பாய் என்று நினைத்துத்தான் முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டு, "கம்முனு கையெழுத்து போட்டுட்டு வா. செத்தவருக்கு வேல போவாது. உனக்குப் போவும்" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? நானும் அதே யோசனையில்தான் ரெண்டு நாள் இருந்தேன்.

பிறகு அவளுக்கு ஒரு மெயிலைப் படித்துக் காட்டினேன். ஒரு வயசான அம்மா எழுதியது. புருஷன் இருந்தவரைக்கும் அவர்தான் புல் வெட்டுவாராம். அவர் போனபிறகு இவளே வண்டியில் ஏறி உட்கார்ந்து கற்றுக்கொண்டாளாம். நீங்கள் கையேட்டில் சொன்னபடி போன குளிர்காலம் முழுக்க நான்கு பேட்டரியையும் வீட்டுக்குள் மாடிப்படிக்கு அடியில் வைத்திருந்தேன், இந்த வருடமும் வைத்துவிட்டேன், ஒன்று மட்டும் ஓரத்தில் கொஞ்சம் உப்பியிருக்கிறது, இது சாதாரணமா என்று கேட்டிருந்தாள். அவள் எழுதியிருந்த பேட்டரி நம்பர்களைப் பார்த்தேன். உப்பியது சி ஷிப்டு பேட்டரி. மற்ற மூன்றில் ரெண்டு உன்னுடையது.

நன்றாகக் கேள் நைனா. எங்கள் பேச்சைக் கேட்காமல் பேட்டரியைக் கொட்டகையில் போட்டவனுக்குக் கொட்டகை போனது. எங்கள் பேச்சைக் கேட்டவர்கள் வீட்டுக்குள் வைத்திருக்கிறார்கள்.

அம்மா அரிசியில் கல் பொறுக்குவதை நிறுத்தினாள். "அந்தம்மா தனியாவா கீது?"

"ஆமா."

"பதிலு போட்டீங்களா?"

"பரிசீலனையில் இருக்குதுன்னு போட்டோம். அப்டித்தான் போடச் சொல்லிக்கிறாங்க."

மறுநாள் காலை என் டப்பாவைப் பையில் வைக்கும்போது அம்மா, "பொறுமையா பேசு. உங்கப்பன மாரி தலையாட்டிகினு வராத" என்றாள்.

அன்றைக்கு என்னை விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேனேஜர் ரொம்ப வருத்தமான முகத்தோடு, "கையால தொட்டுப் பார்த்தாரா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே" என்றார். அவர் முகத்தில் ஒரு சுருக்கம் விழவில்லை.

பொறுமையாகத்தான் பேச நினைத்தேன். வாய் நிற்கவில்லை. "நீங்கதான சார் அவரு கையப் புடிச்சித் தூக்கிக் காட்டனீங்க? தெர்மாமீட்டரு எதுக்குன்னு நீங்கதான கேட்டீங்க? பன்னெண்டு மணி நேரம் ஆவற வேல ஒரு மணி நேரத்துல எப்டி முடியுதுன்னு உங்களுக்குக் கணக்கு தெரியாதா சார்?" என்றேன். அவர் தண்ணீர் கிளாஸை எடுத்தார். எச்.ஆர். மேடம் அந்தத் தாளை மறுபடியும் என் பக்கம் நகர்த்தினார்.

நான் கையெழுத்துப் போடவில்லை. நானே தமிழில் எழுதிக்கொண்டு போனதைப் படித்தேன். அதில் உன்னை நான் காப்பாற்றவில்லை நைனா, மன்னித்துக்கொள். அவர்கள் சொல்வதைவிட உன் தப்பு பெரிது என்றுதான் எழுதியிருந்தேன். என் அப்பா ஒரு ஷிப்டுக்கு மட்டும் செய்யவில்லை, மூன்று ஷிப்டுக்கும் கற்றுக்கொடுத்தார், படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டார், கேள்வி கேட்கவில்லை. அப்படிக் கற்றுக்கொடுக்கச் சொன்னவர் யார், தாளை அச்சடித்தவர் யார், தெரிந்தும் கைதட்டியவர்கள் யார் என்று பெயர் பெயராக அதற்குக் கீழே எழுதியிருந்தேன். ரெண்டு வருடப் பேட்டரி மொத்தத்தையும் திரும்ப வாங்க வேண்டும் என்று முடித்தேன். படித்து முடிக்கும்வரை குரல் உடையவில்லை. உன் பெயர் வரும் இடத்தில் மட்டும் ஒரு தடவை நின்றேன்.

பாஸ்கர் அண்ணன் வாசலில் நின்றிருந்தார். கூப்பிட்டால் உள்ளே வந்து சொல்கிறேன் என்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எனக்கு, "திங்கட்கிழமைலேர்ந்து வரவேணாம், நாங்களே கூப்பிடறோம்" என்று சொன்னார்கள். கூப்பிடமாட்டார்கள் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

என் அடையாள அட்டையை வாங்குவதற்கு முன்னால் மேசையை ஒழித்துவைக்க அரை மணி நேரம் கொடுத்தார்கள். ஒழிப்பதற்கு என்ன இருக்கிறது, ஒரு தண்ணீர் பாட்டிலும் சீப்பும்தான். நான் உட்கார்ந்து ரெண்டு மெயில் எழுதினேன். ஒன்று, இந்தப் பேட்டரிகளை எங்களிடமிருந்து வாங்கி அங்கே விற்கிறவர்களுக்கு. விசாரணையில் படித்ததை ஆங்கிலத்தில் அப்படியே எழுதி, செல்லில் படமெடுத்து வைத்திருந்த, உன் கையெழுத்துள்ள ரிஜிஸ்டர் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

இரண்டாவது அந்த அம்மாவுக்கு. நான்கையும் இப்போதே வீட்டை விட்டு வெளியே எடுத்துவிடுங்கள். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், வெறும் தரையில் தள்ளி வையுங்கள். நீங்களாகத் தூக்காதீர்கள், உங்கள் ஊர்த் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள். இதைச் சோதித்தவர் என் அப்பா. அவர் தப்பாகச் செய்துவிட்டார், எது சரி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் எழுதினேன். கீழே என் பெயரையும் சொந்த மெயில் முகவரியையும் போட்டேன்.

இன்று காலை அந்த அம்மாவின் பதில் வந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது, அம்மா கூரைக்குக் கீழே குடம் வைத்துக்கொண்டிருந்தாள். அங்கே முதல் பனி விழுந்துவிட்டதாம். தீயணைப்பு வண்டியில் ரெண்டு பேர் வந்து நான்கையும் தோட்டத்துக் கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்களாம். பிறகு இப்படி எழுதியிருந்தாள்: "உங்கள் அப்பாவுக்கு இது பெரிய பாரமாக இருக்கும். அவர் எப்படி இருக்கிறார்? என் வீட்டில் இருந்த நான்கும் வெளியே போய்விட்டன என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்."

அம்மாவுக்கு அதைத் தமிழில் படித்தேன். குடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ரெண்டு பேரும் உன்னைத் திட்டினோம். மேனேஜரை அதைவிட அதிகமாகத் திட்டினோம்.

அந்த அம்மா சொல்லச் சொன்னாள், சொல்லிவிட்டேன். நான்கும் வெளியே போய்விட்டன நைனா.

மிச்சம் எத்தனை வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. புகார் அனுப்பியவர்களின் முகவரி எனக்குத் தெரிந்தவரை எழுதி வைத்திருக்கிறேன். வேலை வேறு இல்லை, நேரம் நிறைய இருக்கிறது. மூன்று ஷிப்டு பேட்டரியும் திரும்ப வரும்வரை ஒவ்வொருவருக்கும் எழுதுவேன். உன் பெயரை மறைக்கமாட்டேன், உன் பெயரைத் தனியாகவும் விடமாட்டேன். இது சத்தியம்.

உன்மேல் கோபம் ஆறாத, உன் ஒரே மகள்,
மஞ்சுளா முனிரத்தினம்